பாதி நேரம் இருட்டு

டூரிங் டாக்கீஸில் இரண்டரை மணி நேரப் படம் பார்த்தவர்கள், அதில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் இருட்டைத்தான் பார்த்தார்கள். கரண்ட் போன நேரத்தையும் ரீல் மாற்றிய நேரத்தையும் சேர்க்காமல் சொல்கிறேன். மிஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோதே, நாயகன் பாடிக்கொண்டிருந்தபோதே, பாதி நேரம் திரையில் வெளிச்சம் விழவில்லை. மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்த தரை டிக்கெட்காரரும், சேரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த மிராசுதாரரும் கொடுத்த காசில் சரிபாதிக்கு இருட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவரும் புகார் சொன்னதில்லை.

இந்த வியாபாரத்தைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கொண்டுபோன முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905இல் டு பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கி, கூடாரத்தோடு கிளம்பிவிட்டார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். அது எழுந்த சாலைக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். அவருக்குப் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான டென்ட் கொட்டகைகள் ஏறக்குறைய அவர் வழியிலேயே நடந்தன: ஊருக்கு வெளியே ஒரு பொட்டல், மேலே கூடாரத் துணி அல்லது தென்னங்கீற்று, ஒரு வெள்ளைத் திரை, ஒரு மிஷின், ஒரு ஆபரேட்டர். பகல் காட்சி கிடையாது. முதலாட்டம், இரண்டாம் ஆட்டம், அவ்வளவுதான்.

பகலில் ஏன் காட்டவில்லை? வேலைக்குப் போகும் ஜனம் பகலில் வராது என்பது பாதிப் பதில். மீதிப் பதில் கறுப்பு நிறத்தில் இருக்கிறது. எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை அனுப்ப முடியாது. சிவப்பை அனுப்பலாம், நீலத்தை அனுப்பலாம். கறுப்பு என்று ஒரு வெளிச்சம் இல்லை. நாயகியின் கூந்தல், வில்லனின் கோட்டு, நடுக்காட்டு இரவு எல்லாம் திரையில் வெளிச்சம் விழாத இடங்கள், அதாவது வெறும் வெள்ளைத் துணி. சுற்றிலும் இருட்டாக இருந்தால்தான் அந்தத் துணி கறுப்பாகத் தெரியும். கீற்று இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெயில் விழுந்தாலும் கூந்தல் நரைத்துவிடும். நல்ல திரையரங்கில் முழு வெள்ளைக் காட்சியின் பிரகாசமே ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 48 கேண்டலாதான். நம் கையில் இருக்கும் போன் சாதாரணமாக அதைப்போல் பத்து மடங்கு வெளிச்சம் தரும். டென்ட் கொட்டகையின் திரை 48ஐக்கூடத் தொட்டிருக்காது. ஆகவே ஊர் இருட்டும்வரை காத்திருப்பது அந்தத் தொழிலின் இயற்பியல்.

இது ஊரறிந்த இருட்டு. ஒன்றேகால் மணி நேர இருட்டு மிஷினுக்குள் இருந்தது.

35 மில்லிமீட்டர் அகல ஃபிலிமில் ஒரு படக்கட்டம் நிற்கும் உயரம் 19 மில்லிமீட்டர். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்துக்கு நான்கு துளைகள். நொடிக்கு 24 கட்டங்கள் வீதம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி ஃபிலிம். இரண்டரை மணி நேரப் படத்தின் நீளம் 13,500 அடி, நான்கு கிலோமீட்டருக்கும் மேல். அதில் 2,16,000 படங்கள். அத்தனையும் அசையாத படங்கள். ஃபிலிம் ஒரே சீராக ஓடினால் திரையில் வெறும் கோடுகள்தான் தெரியும். ஒவ்வொரு படமும் லென்ஸுக்கு நேராக வந்து நிற்க வேண்டும், நின்று காட்டிவிட்டுப் போக வேண்டும், அடுத்தது வந்து அதே இடத்தில் நிற்க வேண்டும். நொடிக்கு 24 முறை ஓட்டம், 24 முறை நிறுத்தம்.

இதைச் செய்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு நட்சத்திரச் சக்கரம். நான்கு பள்ளங்கள் வெட்டிய சிலுவை மாதிரி இருக்கும். பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தில் ஒரு முளை. முளை பள்ளத்துக்குள் நுழையும்போது சக்கரம் கால் சுற்றுத் திரும்பும். முளை வெளியேறியதும் பூட்டியதுபோல் நின்றுவிடும். முளை இருக்கும் வட்டம் ஒருமுறை சுற்ற ஆகும் நேரம் நொடியில் 24இல் ஒரு பங்கு. அதில் முக்கால்வாசி நேரம் ஃபிலிம் அசையாமல் நிற்கும். மீதிக் கால்வாசியில், அதாவது ஒரு நொடியை 96ஆகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு நேரத்தில், ஒரு கட்டம் கீழே இறங்கியாக வேண்டும். கடிகாரக்காரர்களின் பழைய யோசனை இது. சினிமாவுக்காக யாரும் புதிதாக எதையும் கண்டுபிடித்து இதைவிட மேலாகச் செய்துவிடவில்லை என்பது என் கட்சி.

ஃபிலிம் இறங்கும் அந்த நேரத்தில் வெளிச்சத்தை மறைக்க வேண்டும். அதற்கு விசிறி இறக்கை போன்ற தகடுகள் கொண்ட ஷட்டர் விளக்குக்கு முன்னால் சுழலும். ஷட்டரின் நேரம் கொஞ்சம் தப்பினால், டைட்டில் எழுத்துக்களுக்கு மேலும் கீழும் வெள்ளை வால் முளைக்கும். பழைய கொட்டகைகளில் அந்த வாலைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். இருட்டு தன் வேலைக்குத் தாமதமாக வந்ததன் தடயம் அது.

ஆனால் ஒரு கட்டத்துக்கு ஒரு இருட்டு போதவில்லை. நொடிக்கு 24 முறை அணைந்து எரியும் வெளிச்சத்தைக் கண் கண்டுபிடித்துவிடும், படபடவென்று துடிக்கும். இதற்குச் செய்த வைத்தியம் வேடிக்கையானது. இருட்டு அதிகமாகத் தெரிகிறதா, இன்னும் கொஞ்சம் இருட்டைச் சேர். ஷட்டரில் இரண்டாவது இறக்கை வைத்தார்கள். படம் சும்மா நின்றுகொண்டிருக்கும்போதும் ஒருமுறை மறைத்துத் திறந்தார்கள். இரண்டு மறைப்பும் சேர்ந்து பாதி நேரத்தை எடுத்துக்கொண்டன. ஆக, ஒரே படம் இரண்டு முறை திரைக்கு வந்தது. நொடிக்கு 48 துடிப்பு. துடிப்பே தெரியாமல் போனது. ஊமைப்படக் காலத்தில் நொடிக்கு 16 கட்டங்கள் ஓட்டியபோது மூன்று இறக்கை வைத்திருந்தார்கள். பதினாறு மூன்று நாற்பத்தெட்டு. அதே கணக்கு.

துடிப்பைக் கண்டுபிடிக்கும் திறமை கண்ணுக்கு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. நேராகப் பார்க்கும் இடத்தைவிடக் கடைக்கண்ணுக்குத்தான் துடிப்பு சட்டென்று தெரியும். வெளிச்சம் கூடக்கூடத் துடிப்பும் கூடத் தெரியும். சேரில் பின்னால் இருப்பவருக்குத் திரை முழுவதும் நேர்ப்பார்வைக்குள் அடங்கிவிடும். தரை டிக்கெட்காரருக்குத் திரையின் இரண்டு ஓரமும் கடைக்கண்ணில் விழும். பனிமலையிலோ வெள்ளை வானத்திலோ பாட்டு எடுத்திருந்தால் முன்வரிசைக்காரருக்குக் கண் கூசியதற்கு இதுவும் ஒரு காரணம். குறைந்த காசுக்குக் கொஞ்சம் கூடுதலாக மிஷினின் ரகசியத்தைப் பார்த்தவர் அவர்.

சரி, துடிப்பு மறைந்தது. அசையாத படங்கள் அசைந்தது எப்படி? பள்ளிப் புத்தகங்கள் இதற்கு ஒரு பதிலைச் சொல்லிக்கொடுத்தன: பார்த்த காட்சி விழித்திரையில் சற்று நேரம் தங்குகிறது, அடுத்த காட்சி அதோடு சேர்ந்துகொள்கிறது. இந்தப் பதில் போதாது. காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று தங்கினால் ஓடுகிறவனுக்குப் பத்துக் கால் தெரியவேண்டும். ஓட்டம் தெரிய வேண்டியதில்லை. 1910இல் ரயிலில் போய்க்கொண்டிருந்த மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் பிராங்பர்ட்டில் இறங்கி, படங்கள் சுழலும் ஒரு பொம்மையை வாங்கி, விடுதி அறையில் வைத்துச் சோதித்துப் பார்த்தார் என்பார்கள். 1912இல் அவர் வெளியிட்ட ஆய்வு சொன்னது: இரண்டு இடங்களில் மாறி மாறித் தோன்றும் கோடுகளை, சரியான இடைவெளி விட்டுக் காட்டினால், மனிதர்கள் ஒரே கோடு நகர்வதாகப் பார்க்கிறார்கள். இடையில் எதுவும் இல்லை. இடையில் இருக்கும் பயணத்தை மூளை தானாக எழுதிக்கொள்கிறது.

மூளையில் அதற்கென்று தனி இடமே உண்டு. ஜெர்மனியில் ஒரு பெண்மணிக்கு மூளையின் அந்தப் பகுதி இரண்டு பக்கமும் பழுதாகிவிட்டது. 1983இல் வெளியான ஆய்வில் அவர் நிலை விவரிக்கப்பட்டிருக்கிறது. நிறம் தெரியும், உருவம் தெரியும், அசைவு மட்டும் தெரியாது. கோப்பையில் ஊற்றும் தேநீர் அவருக்கு உறைந்து நிற்பதாகத் தெரிந்தது. எப்போது நிறைந்தது என்று தெரியாமல் வழிய விட்டார். தெருவைக் கடக்கும்போது தூரத்தில் நின்ற கார் திடீரென்று பக்கத்தில் நின்றது. நமக்கெல்லாம் உலகம் சினிமாவாகவும் அவருக்கு மட்டும் ஃபிலிம் சுருளாகவும் இருந்திருக்கிறது.

இடைவெளியை நிரப்பும் மூளை சில சமயம் தப்பாகவும் நிரப்பும். புராணப் படத்தில் ரதம் முன்னால் பாயும். சக்கரம் பின்னால் சுற்றும். பன்னிரண்டு ஆரங்கள் உள்ள சக்கரம் நொடிக்குச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஆரத்தின் இடத்தில் அடுத்த ஆரம் வந்து நிற்கும். சக்கரம் அசையாததுபோல் தெரியும். அதைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு ஆரமும் முந்தைய ஆரத்தின் இடத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடும். ‘இது அதே ஆரம்தான், கொஞ்சம் பின்னால் நகர்ந்திருக்கிறது’ என்று மூளை தீர்ப்பு எழுதிவிடும். குறுக்குவழி எதுவோ அதுவே உண்மை என்பது அதன் சட்டம்.

இருட்டைக் கண்டுகொள்ளாமல் விடுவதில் மூளைக்கு நல்ல பழக்கமும் இருக்கிறது. நாம் நிமிடத்துக்குப் பதினைந்து முறைபோல் கண் சிமிட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் உலகம் அணைகிறது, நமக்குத் தெரிவதில்லை. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலருக்கு மிஸ்டர் பீன் நகைச்சுவைக் காட்சிகளைக் காட்டி, அவர்கள் கண் சிமிட்டும் நேரத்தைக் குறித்தார்கள். கதை உள்ள காட்சியைப் பார்த்தபோது, எல்லாரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சிமிட்டியது தெரிந்தது. ஒரு செயல் முடியும் இடம், முக்கியமான எதுவும் நடக்காத இடம் பார்த்துக் கண்கள் மூடின. மீன்தொட்டியைக் காட்டியபோது அந்த ஒற்றுமை இல்லை. கொட்டகையில் சேர்ந்து சிரித்தார்கள், சேர்ந்து அழுதார்கள் என்று எழுதுவோம். சேர்ந்து கண் சிமிட்டினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி ஆபரேட்டர் ரூமுக்குப் போவோம். அங்கே விளக்கு என்பது பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகள். அவற்றை ஒன்றோடொன்று தொடவைத்து, நேர்மின்சாரம் பாய்ச்சி, சற்றே விலக்கினால் நடுவில் காற்றே எரியும். குச்சியின் முனை சுமார் 3,500 டிகிரி செல்சியஸ் சூடாகும். வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். குச்சி எரிந்து தேய்ந்துகொண்டே இருப்பதால் இடைவெளி அகன்றுகொண்டே போகும். ஆபரேட்டர் அவ்வப்போது திருகி நெருக்கிவிட வேண்டும். அவர் பீடி பற்றவைக்கத் திரும்பினால் நாயகியின் முகம் மஞ்சளாகி மங்கும். கீழேயிருந்து விசில் பறக்கும். அந்த விசிலைக் கொட்டகைக்காரர்கள் தொல்லை என்று நினைத்திருக்கலாம். ஒளியின் அளவைக் கண்காணித்துச் செய்தி அனுப்பிய கருவி அதுதான்.

இந்த நெருப்புக்கு நேர் எதிரே ஓடுகிறது ஃபிலிம். ஒரு படம் நொடியின் சிறு பங்கு நேரம் நின்றுவிட்டுப் போவதால் தப்பிக்கிறது. ஓட்டம் நின்றால் அவ்வளவுதான்: திரையில் உறைந்த முகத்தின் நடுவே பழுப்புப் புள்ளி தோன்றி, குமிழ்விட்டு, பொத்தலாகும். ஷட்டரை லென்ஸுக்கு முன்னால் வைக்காமல் விளக்குக்கும் ஃபிலிமுக்கும் நடுவே வைத்ததற்கு இதுதான் காரணம். பாதி வெளிச்சத்தைத் தடுக்கும் இறக்கை, பாதிச் சூட்டையும் தடுத்தது. 1950களின் தொடக்கம்வரை புழங்கிய நைட்ரேட் ஃபிலிம் இன்னும் ஆபத்தானது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள்ளும் எரியும். கீற்றுக் கொட்டகைக்குள் அதை ஓட்டினார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பெரிய தியேட்டர்களில் இரண்டு மிஷின். ஒன்றில் ரீல் முடியும் நேரம் திரையின் வலது மேல்மூலையில் சின்ன வட்டப் புள்ளி மின்னும்; சில நொடிகளில் இன்னொன்று; ஆபரேட்டர் அடுத்த மிஷினுக்குத் தாவிவிடுவார். டென்டில் பெரும்பாலும் ஒரே மிஷின். ரீல் முடிந்தால் விளக்குப் போட்டுத்தான் மாற்ற வேண்டும். மூன்று நான்கு இடைவேளைகள் வந்ததும், முறுக்கும் கலர் சோடாவும் அத்தனை விற்றதும் இப்படித்தான். பட்டணத்தில் ஓடித் தேய்ந்து கடைசியில் இங்கே வந்த பிரிண்டில் எப்போதும் ‘மழை’ பெய்யும். ஃபிலிம் ஓடும் பாதையில் ஒரு மணல் துகள் மாட்டிக்கொண்டால் போதும், அடுத்தடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒரே நேர்கோடாகக் கீறிக்கொண்டே போகும். மழை எப்போதும் செங்குத்தாகப் பெய்ததற்கும், மணல் தரைக் கொட்டகைகளில் அதிகமாகப் பெய்ததற்கும் விளக்கம் அவ்வளவுதான். நாயகனின் கால் மேலேயும் தலை கீழேயும் தெரிந்தால், அறுந்த ஃபிலிமை ஒட்டியவர் துளைக்கணக்கில் தப்பிவிட்டார் என்று அர்த்தம்.

ஒலி வேறு சாதி. படம் நின்று நின்று போகவேண்டும். ஒலி நிற்காமல் ஓடவேண்டும். வேகத்தில் சிறு தடுமாற்றம் வந்தாலும் காது பிடித்துவிடும், பாட்டு அழும். ஆகவே ஒரு காட்சிக்கான ஒலியை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் பதிக்காமல், சுமார் இருபது கட்டங்கள் முன்னால் ஃபிலிமின் ஓரத்தில் வளைந்து நெளியும் ஒளிக்கோடாகப் பதித்தார்கள். லென்ஸைத் தாண்டிய ஃபிலிம் ஒரு தளர்வான வளையமாகத் தொங்கி, தன் குதியாட்டத்தை எல்லாம் அங்கே தீர்த்துவிட்டு, கனத்த சக்கரத்தோடு சேர்ந்த உருளையில் சீராக ஓடும். அங்கே ஒரு சிறு விளக்கு கோட்டின் வழியே ஒளியை அனுப்ப, மறுபக்கம் ஒளிமின்கலம் அதை மின்சாரமாக்கும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 347 மீட்டர்தான் போகும். எனவே ஸ்பீக்கரிலிருந்து பதினான்கரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு வசனம் ஒரு கட்டம் பிந்தியே கேட்கும். அதையும் மூளை சரிக்கட்டிவிடும்.

டென்ட் துணி ஒலியைத் தடுக்காது. இரண்டாம் ஆட்டத்தின் வசனம் வயலைத் தாண்டி அடுத்த ஊர்த் திண்ணைவரை கேட்டதாகச் சொல்பவர்கள் மிகைப்படுத்தவில்லை. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே குளிர்ச்சியாகவும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். தெளிந்த இரவில் தரை முதலில் குளிரும்; அதை ஒட்டிய காற்றும் குளிரும்; மேல்காற்று வெப்பமாகவே இருக்கும். வெப்பக் காற்றில் ஒலி வேகமாகப் போவதால், மேலே போன ஒலி வளைந்து திரும்பத் தரைக்கு வரும். டிக்கெட் வாங்காமல் கயிற்றுக்கட்டிலில் படுத்தபடியே முழுப் படத்தையும் மனப்பாடம் செய்தவர்களுக்கு உதவியது இந்த வளைவு.

இப்போது டென்ட் கொட்டகைகள் ஏறத்தாழ மறைந்துவிட்டன. சிறிய ஊர்த் தியேட்டர்களிலும் ஃபிலிம் இல்லை. படம் கோப்பாக வருகிறது. திறக்கும் சாவியும் ஒரு கோப்பாக வருகிறது. சென்னையில் தோன்றிய க்யூப் போன்ற நிறுவனங்கள் அந்த வேலையைப் பார்க்கின்றன. நட்சத்திரச் சக்கரம் போய்விட்டது, ஆனால் இருட்டு போகவில்லை. பரவலாகப் புழங்கும் டிஜிட்டல் புரொஜெக்டருக்குள் இருப்பது கண்ணாடிகள் பதித்த சில்லு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987இல் உருவாக்கியது. 2,048க்கு 1,080 என்ற அளவில் ஒரு சில்லில் 22 லட்சம் கண்ணாடிகள். ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது. ஒவ்வொரு கண்ணாடிக்கும் தெரிந்தது இரண்டே நிலை: ஒளியைத் திரைக்கு அனுப்பு, அல்லது வேறு பக்கம் திருப்பிவிடு. பாதிப் பிரகாசம் வேண்டுமென்றால் பாதி நேரம் அனுப்பி, பாதி நேரம் திருப்பிவிடுகிறது, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை. ஒரு முகத்தின் மாநிறம் என்பது எவ்வளவு நேரம் ஒளி, எவ்வளவு நேரம் இருட்டு என்ற கணக்கு. முன்பு ஒரே ஒரு ஷட்டர் செய்ததை இப்போது 22 லட்சம் ஷட்டர்கள் செய்கின்றன என்றும் சொல்லலாம்.

வித்தியாசம் ஒன்று உண்டு. அந்தச் சில்லைப் பிரித்துப் பார்த்து ஒரு குழந்தையால் எதையும் புரிந்துகொள்ள முடியாது. பழைய மிஷினைப் புரிந்துகொள்ளலாம். மோட்டாரை நிறுத்திவிட்டு, பக்கத்திலிருக்கும் திருகைக் கையால் மெல்லச் சுற்றினால், முளை பள்ளத்தில் நுழைவதும், ஃபிலிம் துள்ளி நிற்பதும், இறக்கை வந்து மறைப்பதும் ஒவ்வொன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் பையன்கள், அறுத்துப்போட்ட ஃபிலிம் துண்டுகளைப் பொறுக்கி, ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி லென்ஸாக்கி, முகம்பார்க்கும் கண்ணாடியால் வெயிலை இருட்டறைக்குள் திருப்பி, சுவரில் படம் காட்டினார்கள். நடிகர் தலைகீழாகத் தெரிவார். துண்டைத் தலைகீழாகப் பிடித்ததும் நேராகிவிடுவார். ஆபரேட்டரும் ஃபிலிமைத் தலைகீழாகத்தான் மாட்டுகிறார் என்பதை எந்த வாத்தியாரும் சொல்லாமலே கண்டுபிடித்த பையன்கள் அவர்கள்.

மூடிய தியேட்டர்கள் பலவற்றின் ஆபரேட்டர் ரூமில் அந்த மிஷின்கள் இன்னும் தூசி படிந்து நிற்கின்றன. பழைய இரும்புக் கடைக்கு எடைபோட்டுப் போகின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால், உரிமையாளரிடம் பேசி, பக்கத்துப் பள்ளியின் அறிவியல் கூடத்துக்கு வாங்கிக் கொடுங்கள். கார்பன் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு முழம் பழைய ஃபிலிமும் கையால் சுற்றும் திருகும் போதும். அதை ஓட்டிய ஆபரேட்டர் ஊரில் இருந்தால், முதல் பாடத்தை அவரையே எடுக்கச் சொல்லுங்கள்.